துண்டு போர்த்திய ரேடியோ

மலாக்கா நகரின் காஜா பேராங்கில் பூங்காவனத்தைத் தெரியாதவர் யாராவது இருந்தால், நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும். நல்ல உழைப்பாளி. கைமணம் உள்ளவள். கட்டிய கணவனையும் ஒரே மகளையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பவள். ஆனால் சந்தேகம் என்ற ஒன்று அவளோடு கூடப் பிறந்திருந்தது. பால்காரர் சிரித்தபடி வந்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காமல் வந்தால், நிறையக் கலந்திருக்கிறார் என்பாள்.

புதிதாக ஊருக்குள் வந்த எந்தச் சாமானைப் பற்றியும் அவளிடம் ஒரு கருத்து இருக்கும். சாமானைப் பார்ப்பதற்கு முன்பே அது தயாராகிவிடும். சினிமாவைப் பற்றிக் கேட்டால், “இருட்டுல உக்கார வச்சுக் காட்டுறான்னா அதுல என்னமோ இருக்குலா. நல்ல சங்கதின்னா வெளிச்சத்துல காட்ட வேண்டியதுதானே?” என்பாள். சீனர் காப்பிக்கடையில் காசு போட்டால் பாடும் பெட்டி வந்தபோது, கடைக்கு எதிர்ப்பக்கமாக நின்று ஒரு பாட்டு முழுதும் கேட்டுவிட்டு, “காசு குடுத்தாத்தான் வாயத் தொறக்குது. இதுக்கு மனசுன்னு ஒன்னு இருக்குமா?” என்று தீர்ப்புச் சொன்னாள்.

பண்டார் ஹிலிரில் ஒரு கேளிக்கைச் சந்தை போட்டிருந்தார்கள். அங்கே இளைஞர்கள் ஒரு கண்ணாடி மேசையின் இரண்டு பக்கப் பொத்தான்களையும் தட்டித் தட்டி, உள்ளே ஓடும் இரும்புக் குண்டை விரட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரிந்தது, மணி அடித்தது. பூங்காவனம் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “குண்டும் பொந்துக்குள்ள போயிருது, காசும் போயிருது. இதுல செயிச்சவன் எவன்னு கேளுங்க” என்று கணவனிடம் சொன்னாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஒன்றில் அவள் கருத்து தப்பே இல்லை.

எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாதது டெலிபோன். “ரெண்டு பேரு பேசுறாங்க, சரி. நடுவுல ஒருத்தன் உக்காந்து ஒயர மாட்டி விடுறான்ல, அவன் காதுல என்ன பஞ்சா வச்சிருக்கான்?” இந்தக் கேள்விக்கு மலாக்காவில் யாரும் அவளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் ரேடியோ வந்தது.

வாங்கி வந்தவர் அவள் கணவர் ராஜரத்தினம். தண்ணீர் இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் அந்த ஆண்டு நாடு சுதந்திரம் பெறப்போகிறது என்றதும் அவருக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. “மெர்டேக்கான்னு சொல்றத நம்ம காதால கேக்க வேணாமா?” என்றார்.

“கெடைச்சா தன்னால தெரியப்போவுது. பெட்டி வந்து சொல்லணுமா?” என்றாள் பூங்காவனம்.

பெட்டி வந்துவிட்டது. கூடத்தில் முருகன் படத்துக்குக் கீழே பலகை அடித்து வைத்தார்கள். கூரைமேல் கழி நட்டுக் கம்பி இழுத்தார் ஓர் ஆள். பூங்காவனம் அவரை விடவில்லை.

“இந்தக் கம்பி வழியாத்தான் பேச்சு உள்ள வருதா?”

“ஆமாங்க.”

“உள்ள வர்ற பேச்சுக்கு வெளிய போவத் தெரியாதா?”

அந்த ஆள் சிரித்தார். பதில் சொல்லாமல் சிரிப்பவன் எதையோ மறைக்கிறான் என்பது பூங்காவனத்தின் கட்சி. அதற்கு ஏற்றாற்போல், ஒரு மத்தியானம் அவள் கூடத்தில் நின்று, “இந்த வெக்கைக்கு ஒரு மழை வந்தா தேவல” என்று முனகினாள். சாயங்காலச் செய்தியில், மலாக்காவில் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்றார் அறிவிப்பாளர். போதாதா? அன்றிலிருந்து வீட்டு விஷயம் எது பேசுவதானாலும் முதலில் ரேடியோவை அணைப்பாள். பிறகு குளிக்கும் துண்டை நான்காக மடித்து அதன்மேல் போர்த்துவாள். அதன் பிறகுதான் வாய் திறப்பாள். ராஜரத்தினம் முதலில் சிரித்தார், பிறகு கோபித்தார், கடைசியில் அவரே துண்டை எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டார்.

ஒரு தெருவுக்கு ஒரு ரேடியோ இருந்த காலம் அது. சாயங்காலம் பாட்டு தொடங்கினால் அக்கம்பக்கம் எல்லாம் அந்தக் கூடத்தில் கூடிவிடும். வருகிறவர்களைப் போகச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. பூங்காவனம் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவரும் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்ப்பாள்.

அப்படி வருகிறவர்களில் அடுத்த வீட்டு அஞ்சலை பீபி ஒருத்தி. மூத்த பெண்களை அந்தப் பக்கத்தில் பீபி என்றுதான் அழைப்பார்கள். அவள் மலாக்காச் செட்டி இனம். சுல்தான்கள் ஆண்ட நாளில் தமிழகத்திலிருந்து வணிகம் செய்ய வந்து, இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்து, இந்த மண்ணாகவே ஆகிப்போனவர்கள். கும்பிடும் சாமி நம் சாமி, வைக்கும் பெயர் நம் பெயர், வாசலில் கட்டும் மாவிலைத் தோரணம்கூட நம்முடையதுதான். ஆனால் உடுப்பது கைலியும் நீளச் சட்டையுமான சாரோங் கெபாயா, பேசுவது மலாய். தமிழ் அவர்கள் நாவைவிட்டுப் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

இதனால் அந்தத் தெருத் தமிழர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் வளர்ந்திருந்தது. செட்டிகளை எதிரே உட்கார வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றித் தமிழில் பேசுவார்கள். முகத்தில் சிரிப்பு இருக்கும், கையில் காப்பி இருக்கும், வாயில் வம்பு இருக்கும். எல்லாரும் செய்ததுதான். பூங்காவனம் கொஞ்சம் கூடுதலாகவே செய்தாள்.

அஞ்சலை பீபிக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. இறந்துபோன தங்கையின் மகன் கருணாகரனைத் தன் பிள்ளையாக வளர்த்தாள். தினமும் ஒரு தட்டில் தேங்காய்ப் பலகாரத்தை மூடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து ரேடியோவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. செய்தி, நாடகம், பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடம் என்று எதையும் விடமாட்டாள். மற்றவர்கள் செய்தி வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். அஞ்சலை மட்டும் இன்னும் முன்னால் நகர்ந்து உட்காருவாள்.

“புரியாத பாஷையில இவ்வளவு லயிப்பு எதுக்கு?” என்று பூங்காவனத்துக்குக் குடைந்தது. ஒருநாள் உற்றுப் பார்த்தாள். அஞ்சலையின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

பூங்காவனம் முடிவுகட்டிவிட்டாள். மந்திரம் ஓதுகிறாள்! மறுநாள் காலை முதல் வேலையாக வாசல் நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். அன்று சாயங்காலம் அஞ்சலை அதைப் பார்த்து, அழகாக இருக்கிறதென்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த சந்தேகம் கருணாகரன். பாட்டு முடியும் நேரத்தில் பெரியம்மாவை அழைத்துப்போக வருவான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வேலி, அதிலும் ஆள் நுழையும் சந்து. அதைத் தாண்ட ஒரு துணையா? வந்தவன் வாசலோடு நின்றானா என்றால் அதுவும் இல்லை. மகள் கோகிலா காப்பி கொண்டுவந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான். கோகிலாவோ, யாருக்கும் இல்லாத தேன் பிஸ்கட்டை அவனுக்கு மட்டும் தட்டில் வைத்துக் கொண்டுவருவாள்.

அவன் பார்த்த வேலை என்ன தெரியுமா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயர் மாட்டி விடுகிற வேலை. இதற்குமேல் பூங்காவனத்துக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த ஆண்டு சித்திரை பிறந்து சில நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் பாட்டு முடிந்து எல்லாரும் போன பிறகும் அஞ்சலை பீபி எழுந்திருக்கவில்லை. அன்று அவள் நல்ல கெபாயா உடுத்தியிருந்தாள், கொண்டையில் பூ வைத்திருந்தாள். மடியில் மணிவேலைப்பாடு செய்த துணியால் மூடிய ஒரு வெள்ளித் தட்டு. கருணாகரனையும் காணோம். கோகிலா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வெளியே வரவே இல்லை.

வழக்கமான பலகாரம் என்று நினைத்த பூங்காவனம் தட்டை வாங்கக் கையை நீட்டினாள். அஞ்சலை கொடுக்கவில்லை. சிரித்தபடி தலையை ஆட்டி, கொஞ்சம் பொறு என்பதுபோலக் கை காட்டினாள். பிறகு தொண்டையைச் செருமினாள். ஏதோ தொடங்கப்போனவள், கூச்சப்பட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

பூங்காவனத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் ரேடியோவை அணைத்தாள். துண்டை மடித்துப் போர்த்தினாள். அஞ்சலையைப் பார்த்து இனிக்க இனிக்கச் சிரித்துக்கொண்டே, கணவனிடம் தமிழில் ஆரம்பித்தாள்.

“என்னாங்க, இவ போற வழியக் காணோமே. இவ வர்றதும் சரியில்ல, அந்தப் பையன் வர்றதும் சரியில்ல. ஊரு பேச்ச ஒட்டுக்கேக்கறது ஒரு உத்தியோகமா? நம்ம பொண்ணு மேல கண்ணு வச்சிருக்கான், எனக்குத் தெரியாதா?”

“மெதுவா பேசும்மா” என்றார் ராஜரத்தினம்.

“யாருக்குப் புரியப்போவுது? பேருதான் கருணாகரன். வாயத் தொறந்தா மலாய். வேரு அத்துப்போன சனங்க. பாஷையும் இல்ல, ஒன்னும் இல்ல. அந்த வீட்டுக்குப் பொண்ணக் குடுக்கறதுக்குக் கெணத்துல தள்ளிரலாம்.”

சொல்லி முடித்து, சிரிப்பு மாறாமல் அஞ்சலையின் பக்கம் திரும்பி, “கோப்பி லாகி, பீபி?” என்று, இன்னும் காப்பி வேண்டுமா என்று மலாயில் உபசரித்தாள்.

 அஞ்சலையின் முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது. வெள்ளித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். கெபாயாவின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். அப்போது அந்தக் கூடத்தில் ஒரு குரல் கேட்டது. திருத்தமான, சுத்தமான, செய்தி வாசிக்கும் தமிழ்.

“இத்துடன் எங்கள் நிகழ்ச்சி நிறைவு பெறுகிறது. வணக்கம்.”

பூங்காவனம் திடுக்கிட்டு ரேடியோவைப் பார்த்தாள். துண்டு போர்த்தியபடியே இருந்தது. ஓடிப்போய்த் துண்டை இழுத்தாள். பெட்டியில் விளக்கே எரியவில்லை. அவள் திரும்பியபோது ராஜரத்தினம் ரேடியோவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை பீபி படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள், கொண்டுவந்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு. அந்தத் தெருவில் கொண்டுவந்த தட்டை யாரும் திரும்ப எடுத்துப் போனதில்லை.

“அது பலகாரம் இல்லம்மா” என்றார் ராஜரத்தினம். “வெத்தல தட்டு. பொண்ணு கேக்க வந்திருக்காங்க.”

அடுக்களைக் கதவு திறந்தது. கோகிலா வந்து நின்றாள். அழுதிருப்பாள் என்று பூங்காவனம் எதிர்பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“அவங்களுக்குத் தமிழ் யார் சொல்லிக் குடுத்தா?” என்று பூங்காவனம் பாய்ந்தாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

“ரேடியோதான். புரியாத வார்த்தைய மட்டும் வேலிக்கிட்ட வந்து எங்கிட்ட கேப்பாங்க. சாடைமாடையா நம்ம வீட்டுல பேசறதெல்லாம் அவங்களுக்குக் கொஞ்ச நாளாவே புரிய ஆரம்பிச்சிருச்சு. வெளிய காட்டிக்கல. உங்ககிட்ட வந்து உங்க பாஷையிலயே பொண்ணு கேக்கணும்னு ஆசப்பட்டாங்கம்மா. அதுக்குத்தான் இத்தன மாசமா அந்த முக்காலியில உக்காந்து பாடம் பண்ணாங்க.”

உதடு அசைந்தது மந்திரம் இல்லை. பூங்காவனம் வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். அது காய்ந்து கறுத்துப் போயிருந்தது.

“நீங்க வேணாம்னா எனக்குக் கல்யாணமே வேணாம்மா. உங்கள மீறிப் போவ மாட்டேன். ஆனா இனிமே அந்த ரேடியோவ எனக்காகப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கோகிலா உள்ளே போனாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ரேடியோ பாடவில்லை. சாயங்காலம் வந்தவர்கள், ரிப்பேரா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கேட்டதற்கு மட்டும் கோகிலா பதில் சொன்னாள், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். ராஜரத்தினம் வேலையிலிருந்து வந்தால் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். கூடத்தின் அமைதி பூங்காவனத்தைத் தின்றது.

அவள் புத்தி அப்போதும் தன் வழியில்தான் போனது. அஞ்சலை சும்மா இருப்பாளா? தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். செட்டித் தெருவே தன்னைப் பார்த்துக் காறித் துப்பப் போகிறது. பூங்காவனம் மார்க்கெட்டுக்குப் போனால் ஒவ்வொரு முகமாகப் படித்தாள். கோயிலுக்குப் போனால் யார் விலகி நிற்கிறார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் விலகவில்லை. செட்டிப் பெண்கள் வழக்கம்போல, சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்டார்கள். ஒருநாள் காலை கருணாகரனே எதிரில் சைக்கிளில் வந்தான். அவளைப் பார்த்ததும் இறங்கி நின்று, எப்போதும்போல இரண்டு கையையும் குவித்து வணங்கினான். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, குழப்பம் மட்டுந்தான் இருந்தது. பெரியம்மா ஏன் தட்டோடு திரும்பி வந்தாள் என்று அவனுக்கே தெரியவில்லை.

அஞ்சலை யாரிடமும் சொல்லவில்லை. வளர்த்த பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

நடுரோட்டில் கூடையோடு நின்ற பூங்காவனத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வசவு வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பெட்டி ஒட்டுக்கேட்கிறது என்று இத்தனை நாள் துண்டு போர்த்தினாளே, எதிரே ஒரு மனுஷி காதோடு, மனசோடு உட்கார்ந்திருந்தது தெரியாமல் போயிற்றே!

அன்று மத்தியானமே அவள் புறப்பட்டாள். வேலிச் சந்தில் நுழையவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றி, மரியாதையாக முன்வாசல் வழியாகப் போனாள்.

அஞ்சலை பீபி மசாலா இடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உலக்கையை வைத்தாள். “மாசோக். டூடோக்” என்றாள். உள்ளே வா, உட்கார். யார் வந்தாலும் சொல்வதைத்தான் சொன்னாள்.

பூங்காவனம் உட்கார்ந்தாள். “பீபி, அன்னைக்கு நான் பேசுனது...” என்று தொடங்கினாள்.

“தா பாஹாம்” என்றாள் அஞ்சலை. எனக்குப் புரியவில்லை.

பூங்காவனம் விழித்தாள். “பீபி, உங்களுக்குத்தான் தமிழு...”

“தா பாஹாம்.” குரலில் கோபமே இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதுபோல இருந்தது.

  பூங்காவனத்துக்குத் தெரிந்த மலாய், மீன் மார்க்கெட் மலாய். எவ்வளவு, குறைத்துக் கொடு, இது பழசு, வேண்டாம். அவ்வளவுதான். அந்தச் சொற்களை வைத்து மன்னிப்புக் கேட்க முடியுமா? கேட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டில் மகள் சாப்பிடாமல் கிடக்கிறாள்.

“சாயா சலா, பீபி” என்றாள். என் மேல்தான் தப்பு. “சாயா பூஞா மூலுட் ஜாஹாட்.” என் வாய் கெட்ட வாய். தன் வாயிலேயே இரண்டு முறை தட்டிக்கொண்டாள். “கருணா பாய்க்.” கருணா நல்லவன். அடுத்த சொல் கிடைக்காமல் திணறினாள். மூக்கை முந்தானையால் துடைத்தாள். பிறகு, கணவனிடம்கூட ஒருநாளும் சொல்லாத ஒன்று அந்த அரைகுறை மலாயில் வெளியே வந்தது.

“சாயா தாக்குட், பீபி. நந்தி சூச்சு சாயா... தா பாஹாம் சாயா.”

பயமாக இருக்கிறது, பீபி. நாளைக்கு என் பேரப்பிள்ளைகள்... அவர்களுக்கு என்னைப் புரியாது.

சினிமாவும் பெட்டியும் டெலிபோனும் என்று ஆயுசு முழுக்க எதை எதையோ சந்தேகப்பட்டவளுக்கு, அடியில் கிடந்த பயம் இது ஒன்றுதான். ஒரே மகள், அவளுக்கு ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையிடம் பேச முடியாமல் தான் ஊமையாக உட்கார்ந்திருக்க வேண்டுமே என்ற பயம். சொல்லிவிட்டுப் பூங்காவனம் உடைந்து அழுதாள்.

அஞ்சலை பீபி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த வெள்ளித் தட்டு இருந்தது. மணித்துணியை எடுத்தாள். வெற்றிலை அன்றைக்குப் பறித்ததுபோலப் பச்சையாக இருந்தது. தினமும் மாற்றி வைத்திருக்கிறாள். தட்டைப் பூங்காவனத்தின் முன்னால் வைத்துவிட்டு, கெபாயாவை இழுத்துச் சரி செய்துகொண்டு, தொண்டையைச் செருமினாள். அன்று சொல்ல வந்து சொல்லாமல் போனதை, ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னாள்.

“வணக்கம். எங்கள் மகன் கருணாகரனுக்குத் தங்கள் அன்பு மகள் கோகிலாவைப் பெண் கேட்டு, உங்கள் இல்லம் தேடி வந்திருக்கிறோம்.”

வந்தது தான் அல்ல, பூங்காவனம் என்பதோ, இது தன் வீடு என்பதோ அவளுக்கு நினைவில்லை. பாடம் பண்ணியதைப் பண்ணியபடி சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். அடுத்து வந்தது பாடம் பண்ணாதது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

“பேரப்பிள்ளைகளுக்கு... நான்... தமிழ் சொல்லித் தருவேன்.”

பூங்காவனம் நிமிர்ந்தாள். அவள் கண் தன்னையறியாமல் கூடத்தைச் சுற்றி வந்தது. பழக்கதோஷம். அந்த வீட்டில் ரேடியோ இல்லை, போர்த்துவதற்குத் துண்டும் வேண்டியிருக்கவில்லை. வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, தன் மீன் மார்க்கெட் மலாயில் சம்மதம் சொன்னாள்.

“போலே, பீபி. போலே.”